ஏழாவது லேன்

போகி ராத்திரி.
கிருஷ்ணகிரி டோல்கேட்.
பெங்களூரில் பிழைக்கிற பாதி ஜனம்
என் கூண்டை உரசிக்கொண்டு ஊருக்குப் போகிறது.
பின்சீட்டில் வாய் பிளந்து தூங்கும் பிள்ளைகள்,
டிக்கியில் அடங்காமல் நீட்டிக்கொண்டிருக்கும் நாற்காலிக் கால்,
ரோஜாத் தொட்டியை மடியில் வைத்தபடி
கண்ணை மூடாமல் வரும் யாரோ ஒருவரின் மாமனார்.

பாஸ்டேக் வந்தபிறகு கைக்கு வேலை குறைந்துவிட்டது.
காசு தீர்ந்த அட்டைகளும்
மெஷின் படிக்காத கண்ணாடிகளும்தான் என் பங்கு.
மற்றதைப் பலகை பார்த்துக்கொள்ளும்.
தடுப்பு எழும். சிவப்பு எழுத்து ஓடும்:
நன்றி, மீண்டும் வருக.

ஒரு ஷிப்டுக்கு மூவாயிரம் நன்றி.
எனக்கு ஒன்றே ஒன்று
ஒரு வருஷமாக வாயில் நிற்கிறது.

போன மார்கழியில் தொப்பூர் இறக்கத்தில்
பிரேக் போன லாரி ஒன்று
திம்மராயனை வண்டியோடு தள்ளிக்கொண்டு போனது.
சேலத்தில் நாற்பத்து மூன்று நாள்.
அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில்
அடுப்பு எரிந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.
எரிந்திருக்கிறது.
'ஜெனிட்டா ஆன்ட்டி பொங்கல் வச்சாங்க,
அடிப்பிடிச்சிருச்சு, ஆனாலும் தின்னோம்'
என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

ஜெனிட்டா, ஆறாவது லேன்.
தன் கிறிஸ்துமஸ் லீவை என் பெயருக்கு மாற்றிவிட்டு
'எனக்குக் கேக்கே பிடிக்காதுடி' என்றாள்.
பஞ்சர் கடை முபாரக் அண்ணன் ரத்தம் கொடுக்க வந்தார்.
'டியூப் வாங்க சேலம் வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன்.'
ராத்திரி ரெண்டு மணிக்கு
எந்தக் கடையில் அண்ணா டியூப் விற்கிறார்கள்?

சூளகிரி நாகவேணி, என் தம்பி பெண்டாட்டி,
மாட்டை விற்ற காசைத்
தீவனப் பையில் சுற்றி எடுத்துவந்து
'கறவை வத்திப்போச்சு அண்ணி,
சும்மா தீனி போட்டு என்ன பண்ண' என்றாள்.
மாசியில் அவள் வீட்டுக்குப் போனேன்.
ஆணியில் சொசைட்டிப் பால் அட்டை தொங்கியது.
விற்பதற்கு முந்தின நாள்
காலையில் ஐந்தரை லிட்டர், சாயங்காலம் நாலு.
அட்டையைத் திருப்பி மாட்டிவிட்டு
'காபி நல்லாருக்கு' என்றேன்.
பாக்கெட் பால் காபி.

கடன் என்று நான் நினைத்துவிடக் கூடாதென்று
ஆளுக்கொரு பொய் சொல்லியிருந்தார்கள்.
நன்றி என்று வாயெடுத்தால்
பொய்யைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றாகிவிடும்.
அப்படி ஒரு துரோகத்தை
நான் எப்படிச் செய்ய?

பதினொன்றே முக்காலுக்கு
கரும்புக் கட்டோடு ஒரு குட்டியானை வந்து நின்றது.
ஸ்டியரிங்கில் தம்பி. பக்கத்தில் அவள்.
அட்டையில் பேலன்ஸ் இல்லை.
'கூடுதலாகக் கட்டணும்' என்றேன்,
கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது.
தம்பி முறைத்தான்.
அவள் தெலுங்கில் எண்ணினாள்,
ஒகட்டி, ரெண்டு, மூடு,
நோட்டுகளோடு ஒரு டிபன் டப்பாவும் ஜன்னலுக்கு வந்தது.
'களியும் மொச்சைக் குழம்பும்.
மிஞ்சிப்போச்சு அண்ணி.'

மிஞ்சின டப்பா கையைச் சுட்டது.

பின்னால் ஒரு இன்னோவா ஹாரன் அடித்தது.
'நாகவேணி' என்றேன்.
'ஆங்?'
இன்னொரு ஹாரன்.
'ரசீது' என்று நீட்டினேன்.
கீழ் வரியில் அந்தச் சொல் இருந்தது,
மை மங்கி, ஆனாலும் இருந்தது.
அவள் படிக்கவில்லை.
நாலாய் மடித்து வளையலுக்குள் செருகிக்கொண்டாள்.
தடுப்பு எழுந்தது.
கரும்புத் தோகை என் கண்ணாடியைத் தடவிக்கொண்டு போனது.

டீ நேரத்தில் டப்பாவைத் திறந்தேன்.
'எனக்கு மொச்சை பிடிக்காது, நீ தின்னு'
என்றாள் ஜெனிட்டா, வாசனையை இழுத்துக்கொண்டே.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மூடியில் பாதியை வைத்து அவள் பக்கம் தள்ளினேன்.
வழித்துத் தின்றாள்.