முதல் பக்கத்தில் வர

இணையதளம் போட்டாகிவிட்டது, எட்டாயிரம் ரூபாய்.
முகப்பில் எங்கள் ஐஸ் பெட்டி.
கண்ணாடி மூடியில் எங்கள் வீட்டு டியூப்லைட்
ஒரு கோடாக விழுந்திருக்கிறது.
காலியாக எடுத்த படம்தான்.
இருந்தாலும் முனிரத்தினம் இரண்டு நாள் அதைப் பார்க்கவில்லை.

"பக்கத்துல சிரிக்கிற குடும்பம் ஒண்ணு வைக்கலாமா அக்கா,
எல்லா டெம்ப்ளேட்டுலயும் வரும்" என்ற இம்தியாஸ்
சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.
ஓசூர்ப் பையன்.
இதற்குமுன் ரோஜா நாற்றுப் பண்ணைக்கும்
ஒரு பல் ஆஸ்பத்திரிக்கும் செய்து கொடுத்தவன்.
ஆடித் தள்ளுபடி, ஒன்று எடுத்தால் ஒன்று இலவசம்,
அவன் கைவசம் இருந்த வார்த்தைகள் எதுவும்
எங்கள் தொழிலுக்குப் பொருந்தவில்லை.
'மீண்டும் வருக'வை நான்தான் எடுக்கச் சொன்னேன்.

கிருஷ்ணகிரியில் தேடினால் நாங்கள் நான்காம் பக்கம்.
நான்காம் பக்கம் வரை தள்ளிக்கொண்டு போக
அந்த நேரத்தில் யாருக்கு விரல் இருக்கும்?
முதலில் வருபவன் சேலத்துக்காரன்.
அவன் வண்டி தொப்பூர் ஏறி வருவதற்குள்
விடிந்துவிடும்.

ஜனங்கள் என்ன அடிக்கிறார்கள் என்று
பட்டியல் எடுத்துக் காட்டினான்.
ஐஸ் பொட்டி
ஐச் பெட்டி பர்கூர்
கிருஸ்னகிரி பாடி பாக்ஸ்
குளிர் பெட்டி அவசறம்
ராத்ரி பெட்டி கெடைக்குமா
வேப்பனப்பள்ளிப் பக்கமிருந்து தெலுங்கில் மூன்று.
ஒன்று, வெறும் 'அம்மா பெட்டி'.
எல்லாமே பன்னிரண்டுக்கும் நாலுக்கும் இடையில்.

பத்தாம் வகுப்பில் தமிழில் தொண்ணூற்றாறு வாங்கியவள் நான்.
திருத்தப் போனேன்.
"திருத்தாதீங்க அக்கா. இப்படியே போட்டாத்தான்
நம்மகிட்ட வந்து சேருவாங்க."
பக்கத்தின் அடியில், வெள்ளைமேல் வெள்ளை எழுத்தில்,
யார் கண்ணுக்கும் தெரியாமல்
அத்தனை பிழையையும் அடுக்கினோம்.
நடுங்கிய விரல்களெல்லாம் அங்கே
ஒரே வெள்ளைத் துணிக்கடியில் கிடக்கின்றன.

அடுத்தது ஸ்டார்.
பெட்டி திரும்பி வந்த மூன்று மணி நேரத்தில்
தானாக ஒரு செய்தி போகும்:
'எங்கள் சேவை எப்படி இருந்தது?'
அதைப் பதினேழாம் நாளுக்குத் தள்ளினேன்,
காரியம் முடிந்திருக்கும்.
அப்போதும் யார் எழுதுவார் என்று நினைத்தேன்.
எழுதினார்கள்.
'மத்தூரில் கரண்ட் போனது, ஜெனரேட்டரோடு வந்தார்கள்.' ஐந்து.
'தம்பி துபாயிலிருந்து வரும்வரை முகம் மாறவில்லை.' ஐந்து.
'டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.' ஐந்து.
பிறகு சூளகிரியிலிருந்து:
'அப்பாவுக்குக் குளிர் ஆகாது.'
ஒரு ஸ்டார்.

ஐந்தில் இருந்தவர்கள் நாலுக்கு இறங்கினோம்.
புகார் கொடுத்துத் தூக்கிவிடலாம் என்றான் இம்தியாஸ்,
இல்லையென்றால் பதிலாவது போடுங்கள்,
'உங்கள் கருத்துக்கு நன்றி', எல்லாரும் போடுவதுதான்.
பதில் எழுதும் கட்டம் என் போனில்
ஒரு வாரம் திறந்தே கிடந்தது.
முனிரத்தினம் ஒன்றும் சொல்லவில்லை.
வண்டியைத் துடைக்கப் போனால் சீட்டுக்குப் பின்னால்
மடித்த கம்பளி ஒன்று இருக்கிறது, புதுசு,
விலைச்சீட்டு இன்னும் கிழிக்கவில்லை.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி இரண்டு பத்துக்குப் போன்.
காவேரிப்பட்டணம் தாண்டி ஏதோ ஊர், பெண் குரல்.
எங்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று
ஒவ்வொரு அழைப்பிலும் கேட்டு நோட்டில் குறிக்கவேண்டும்,
அதுதான் விளம்பரத்துக்குக் கணக்கு என்று சொல்லியிருந்தான்.
நோட்டு பக்கத்தில்தான் இருந்தது, பேனாவோடு.
"வீட்டுல பதினஞ்சு ஆம்பியர் பிளக் இருக்குங்களா?" என்றேன்.
"பாக்குறேங்க."
அந்தக் குரல் வீட்டுக்குள் நடந்துபோனது.
யாரோ இருமினார்கள். ஒரு சேர் நகர்ந்தது.
வாசலில் முனிரத்தினம்
அதற்குள் வண்டியை ஸ்டார்ட் செய்திருந்தார்.