கட்டுப்பாட்டுக் கூண்டு

இருபத்தேழு டிகிரி. ஈரப்பதம் எண்பது.
வெளியே நரிமேட்டுத் தார்ச்சாலை
செருப்பைப் பிடித்து இழுக்கிற மே மாதம்,
உள்ளே வருஷம் முழுக்க ஐப்பசி.
கொசுக்களுக்காகத்தான் இந்த ஏ.சி.
எனக்காக என்றால் பில் பாஸாகாது.

வாரம் இருமுறை விடியுமுன் நெல்பேட்டைக்குப் போய்
ஆட்டு ரத்தம் வாங்குவேன்.
"பொரியலுக்கா டீச்சர்?" என்பார் கடைக்கார மைதீன் பிச்சை.
நான் டீச்சருமில்லை, பொரியலுமில்லை.
ஆமாம் என்றுவிடுவேன்.
உடம்புச் சூட்டுக்கு வெதுப்பி
ஜவ்வில் கட்டித் தொங்கவிட்டால்
தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கி
சாய்த்து அடித்த ஆணிபோல வந்து உட்காரும்.
அந்த உட்காரலில்தான் தெரியும், இது மலேரியாக் கொசு.
சாக்கடைக் கொசுவெல்லாம்
ரேஷன் வரிசையில் நாம் குந்தியிருப்பதுபோலக்
கூன்போட்டுத்தான் குந்தும்.

புது வலைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
பதினேழு என்று ஓர் எண்.
பழைய மருந்தையெல்லாம்
கொசு அரியர் இல்லாமல் பாஸ் செய்துவிட்டது என்பார் டாக்டர் நஸீமா.
ஆகவே புதுப் பாடம், புதுக் கேள்வித்தாள்.
கூம்புக்கு ஐந்து கொசு. மூன்று நிமிடம்.
அப்புறம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து
ஒரு பகல் ஓர் இரவு காத்திருக்க வேண்டும்.
பக்கத்துக் கூண்டில்
மருந்து தடவாத வெறும் வலையில் பட்டவை ஐம்பது.
அவை சாகக் கூடாது.
நான் கொல்லாதவை உயிரோடிருந்தால்தான்
கொன்ற கணக்கு செல்லும்.

காலை ஆறு மணி.
பதினேழில் நாற்பத்தெட்டு மல்லாந்து கிடந்தன.
சிரிக்கத் தொடங்கிய வாய்
பக்கத்துக் கூண்டைப் பார்த்து நின்றது.
முப்பத்தொன்று.
தூரிகை முனையால் ஒவ்வொன்றாய்த் தொட்டேன்,
ஒரு காலாவது உதறாதா என்று.
முப்பத்தொன்று.
பத்துக்கு இரண்டைத் தாண்டினாலே குப்பை.

அப்போதுதான் மூக்கில் ஏறியது.
கதவிடுக்குக்கு அந்தப் பக்கம்,
காவலாளி நாற்காலியின் கீழே,
சாம்பல் வட்டத்தின் நடுவில்
கடைசி அங்குலம் புகைந்துகொண்டிருந்தது
ஒரு பச்சைச் சுருள்.

கத்தத்தான் போனேன்.
சவரிமுத்தண்ணன் பேண்ட்டை முழங்கால்வரை ஏற்றிக் காட்டினார்.
"கொசு ஆபீஸ்லயே கொசு கடிக்குதும்மா.
பாம்பன்ல மூணு தடவ படுத்தவன் நானு.
முறைக் காய்ச்சல்.
ஒரு நாள் விட்டு ஒரு நாள்
தண்டல்காரன் மாதிரி சரியா நாலு மணிக்கு வரும்.
கம்பளி போத்தி, அதுக்கு மேல மச்சான் ஏறி உக்காந்தாலும்
கட்டில் ஆடும்.
அந்தச் சத்தம் காதுல பட்டா
கை தானா தீப்பெட்டியத் தேடுது."

என் கொசுக்கள்
செல்லூர்க் கிணறொன்றில் பிடித்ததன் தொண்ணூறாம் தலைமுறை.
புகை என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகள்.
ஒரு சுருளுக்கே போய்விட்டன.
ஆனால் அண்ணன் தலைக்கு மேலே,
புகை ஏறிப்போகிற வழியிலேயே,
சுவரில் ஒன்று.
தலை தாழ்த்தி. வால் தூக்கி.
வயிறு நிறையச் சிவப்பு.

"அசையாதீங்கண்ணே."
உறிஞ்சுகுழாயை எடுத்துவந்து
மெல்ல மூச்சிழுத்தேன்.
பஞ்சடைத்த குழாய்க்குள் அது
ஒன்றும் நடக்காததுபோல் கால் தேய்த்துக்கொண்டது.
மாடிக்கு ஏறிப் பார்த்தால்
எங்கள் டேங்கின் மூடி உடைந்து ஒரு வருஷமாம்.
உள்ளே, கலங்காத தண்ணீரின் தோலில்
படுத்த வாக்கில் நூறு புழுக்கள்.

டாக்டருக்கு போன் போடுமுன்
பதிவேட்டில் எழுதினேன்:
சோதனை செல்லாது. காரணம், புகை.
கீழே ஒரு வரி விட்டு,
பென்சிலால்:
புது இனம். பிடித்த இடம், காவலாளி நாற்காலி.
பதினேழாம் வலையை இதனிடம் கேட்க வேண்டும்.

அண்ணன் எட்டிப் பார்த்தார்.
"என்ன கடிச்சதா அது?"
ஆமாம் என்றேன்.
"பேரு என்ன வச்சிருக்கீங்க?"