பதினேழு

முதல் செய்தது திரும்பி வந்தது
தபால் உறையில், பஞ்சுக்குள்.
டொக்டர் எழுதியிருந்தார்:
அளவு சரி, கடி சரி,
ஆனால் ஒரு பல் மட்டும்
கொழும்பில் பிறந்து வளர்ந்ததுபோல் நிற்கிறது.
ஆளையே அனுப்புகிறேன்.

திங்கள் காலை ஒட்டுசுட்டான் பஸ்ஸில்
டிலுக்சனா வந்தாள். வயது இருபது.
வலைப்பந்து, எதிர் அணிக்காரியின் முழங்கை,
முன்பல் பாதியோடு போனது.
கையால் வாயைப் பொத்திக்கொண்டே கதைத்தாள்.

டியூப் லைட்டுக்குக் கீழே எந்தப் பல்லும் பொய் சொல்லும்.
வெளியே கூட்டிப் போனேன்.
வேம்புக்குக் கீழே பச்சை ஏறியது.
வாசலில் கிறவல்
கீழிருந்து சிவப்பை எறிந்தது.
கடைசியில் தண்ணீர்த் தாங்கியின் நிழலில்
அவளுடைய மஞ்சள் சட்டைக்கு மேல்
சாம்பல் துணி போர்த்தி,
"சிரிக்க வேண்டாம், ஈ எண்டு சொல்லுங்கோ" என்றேன்.
சிரித்துவிட்டாள்.

ஐந்து விநாடி பார்க்கலாம்.
அதற்கு மேல் கண் தான் விரும்பியதைக் காணத் தொடங்கும்.
நீலத் துணியைப் பார்த்துக் கண்ணைக் கழுவிவிட்டு
மறுபடி ஐந்து.
இமையைச் சுருக்கினால் நிறம் ஓடிவிடும்,
வெளிச்சம் மட்டும் மிஞ்சும்,
அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

ஜெர்மன் கோவையில் பதினாறு பல்.
ஏ, பி, சி, டி என்று நாலு குடும்பம்.
ஒன்றிலும் இந்தப் பிள்ளைக்குச் சொந்தக்காரர் இல்லை.

நுனியில் சுண்ணாம்பு.
நடுவில் மண்ணிறத் திட்டு,
தேய்த்தால் போகாதது, உள்ளிருந்து வந்தது.
"எந்தத் தண்ணி?"
"வீட்டுக் கிணறுதான்.
அப்பா கல்லுக்கு வெடி வைச்சு இறக்கினது."

ஆனால் முரசுக்குக் கிட்ட
நூலளவு ஒரு கோடு, கறையே இல்லாமல்,
கழுவிவைத்த கண்ணாடிபோல.
வேட்டைப்பல்லில் அதே நூல் நடுவிலே.
அதற்கு மேலே திரும்பவும் மண்ணிறம்.
பல்லுக்கு நுனிதான் மூத்தது, கழுத்து இளையது.
கணக்குப் பார்த்தேன்.
"நாலு வயசில எங்க இருந்தனீங்கள்?"

அவளுக்கு ஞாபகம் இல்லை.
தாய்க்கு ஃபோன் போட்டாள்.
ஸ்பீக்கரில் முதலில் கோழிகள், பிறகு தாய்:
"அது செட்டிகுளம், முகாம். பவுசர் தண்ணி."
கொஞ்ச நேரம் கோழிகள் மட்டும்.
"ஏன், பல்லிலயும் தெரியுதோ?"

நான் துணியை மடித்தேன். மடித்ததை மறுபடி மடித்தேன்.
கோட்டை விட்டுவிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது என்றேன்.
"எனக்கு இப்ப தெரியுமே, அண்ணை" என்றாள்.

தொள்ளாயிரம் பாகையில் முதல் தடவை
கரண்ட் போய்ச் சாம்பலாய் வந்தது.
இரண்டாவதில் கோடு தடித்துவிட்டது, சோக்கால் கீறியதுபோல.
மூன்றாவதுக்கு
தூரிகையில் ஒரேயொரு மயிரை விட்டு மற்றதை வெட்டினேன்.
கறை போடுவது சுலபம்.
கறை இல்லாத இடத்தை
கறை இல்லாததுபோல் விடுவதற்கு
விடியும்வரை பிடித்தது.

வியாழன் டொக்டர் ஃபோன் எடுத்தார்.
"நீர் செய்தது எது எண்டு நேர்ஸைக் கேட்டன்,
பக்கத்துப் பல்லைக் காட்டினா."

மிஞ்சிய தூளைப் புட்டியில் அடைத்து
பதினேழு என்று எழுதி
ஜெர்மன்காரருக்குப் பக்கத்தில் வைத்தேன்,
கொஞ்சம் பெருமையோடு.

அடுத்த கிழமை நெடுங்கேணியிலிருந்து
லான்ட்மாஸ்டர் ஓடுகிறவர் ஒருவர் வந்தார்.
நிழலில் இருத்தி, புட்டியைத் திறந்து
நகத்தில் தொட்டுக் கிட்டப் பிடித்தேன்.
பொருந்தவில்லை.
மூடியைத் திருகிக்கொண்டே கேட்டேன்,
எந்தத் தண்ணி?