பதினாறு நாள்

நான்கு குளிர்காலம் பொறுத்தேன்.
முதல் வருஷம் கடைக்கார ரூனேதான் தடுத்தான்:
"அவசரப்படாதே, கலர் திரையோடு அடுத்தது வருகிறது."
வந்தது.
அதற்கும் அடுத்தது வருகிறது என்றான்.
அதுவும் வந்தபோது
விலை இறங்கட்டும் என்று நானே இருந்துவிட்டேன்.
இறங்கியது,
அதைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள்.

அதுவரை என் படகில்
கடலைச் சாம்பலாகக் காட்டும் பழைய சோனார்.
பாறையும் அதற்குச் சாம்பல், மீன் கூட்டமும் சாம்பல்.
ஒருமுறை முழுப் பகலும்
மூழ்கிக் கிடந்த ஒரு படகின் மேல் தூண்டில் போட்டிருந்தேன்.
ஸ்வொல்வேர் துறைமுகத்தில் அதற்குச் சிரிக்காதவை
நாய்கள் மட்டும்தான்.

இந்த ஜனவரியில்,
காலை ஒன்பது மணி இருட்டில்
சோல்ஃப்ரித் காபிக் கோப்பையை மேசையில் வைத்தாள்.
வைத்த சத்தத்திலேயே பாதி புரிந்தது.
"ஒன்று வாங்கு,
இல்லை, இனி இந்த வீட்டில் அதைப் பற்றிப் பேசாதே."

முப்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரம் குரோனர்,
ஆறு தவணை.
முதல்நாள் திரையைப் போட்டதும்
கடலுக்குள் யாரோ விளக்கேற்றியது போல இருந்தது.
மீன் சிவப்பு. தரை பழுப்பு.
நடுவில் என் தூண்டில் முள்கூட
மெல்லிய மஞ்சள் கோடாய் இறங்கிக்கொண்டிருந்தது.
இஞ்சினை அணைத்துவிட்டுச்
சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன், வெகுநேரம்.

பதினாறு நாள்.

பதினேழாம் நாள் அர்விட் தன் படகுக்குக் கூப்பிட்டான்.
என்னுடையதைவிட இரண்டு மடங்கு திரை.
மீன் இருக்கிறது என்பதோடு நிற்காமல்
அதன் நீளத்தையும் சென்டிமீட்டரில் சொல்கிறது.
விலை ஏழாயிரம் குறைவு.
"நீ வாங்கியதைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது"
என்று என் தோளைத் தட்டினான், நன்றியோடு.
அந்த நன்றியைத்தான் தாங்க முடியவில்லை.

ரூனே ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
திருப்பிக் கொடுக்கப் பதினான்கு நாள் கெடு.
நான் அவனுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தேன்.
புதிய மாடலின் விளம்பரத் தாள்.
மடிப்புகளில் தூசி படிந்திருந்தது.
எத்தனை நாள் பின்னறையில் மடிந்து கிடந்தது என்று
நான் கேட்கவில்லை.
இந்த ஊரில் கடை ஒன்றுதான்.

இரவுகளில் கணக்குப் போட்டேன்.
அந்த வாரம் எனக்குக் காய்ச்சல் வந்திருக்கலாம்.
புயலில் சரக்குக் கப்பல் நின்றிருக்கலாம்.
சோல்ஃப்ரித் கோப்பையைக் கொஞ்சம்
மெதுவாக வைத்திருக்கலாம்.
ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்றால்
அதில் ஒரு நியாயம் உண்டு.
நான் ஆக்கவும் பொறுத்தேன், ஆறவும் பொறுத்தேன்,
இலை போடும் நேரத்தில்
பழையதைத் தின்றுவிட்டு எழுந்தேன்.

பிப்ரவரி கடைசியில் இரண்டு படகும்
பக்கத்துப் பக்கத்தில் நின்றன.
ரேடியோவில் அர்விட்:
"உன் பக்கம் ஒன்று வருகிறது. எண்பத்துநாலு."
என் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும்,
பெயரும் வயதும் சொல்லாமல் வந்துகொண்டிருந்தது.
கயிறு கனத்தது.
இழுத்துப் போட்டேன்.
பலகையில் கிடத்தி, கையுறையைக் கழற்றிவிட்டு,
வால் நுனிவரை நீவி அளந்தேன்.

"எழுபத்தொன்பது" என்றேன்.

ரேடியோவில் கரகரப்பு.
"சரியாக அளந்தாயா?"
"வந்து பார்."
இன்னும் கொஞ்சம் கரகரப்பு.
பிறகு, தனக்கே சொல்வதுபோல:
"மே மாதம் வேறொன்று வருகிறதாம்.
அது துல்லியமாகச் சொல்லுமாம்.
விலையும்..."

முடிக்கவில்லை.
பொத்தானிலிருந்து விரலை எடுக்கவும் மறந்துவிட்டான்.
அலைக்கு மேலே அவன் மூச்சு கேட்டது.
எனக்கு நன்றாகப் பழக்கமான மூச்சு.