கழுவ ஒரே ஒரு பாத்திரம்

மூன்று நாளாய் வீட்டில்
மிக்சி மட்டும்தான் வாய்விட்டுப் பேசியது.
பாவாடைராயன் வாங்கிய கடனுக்கு
ஜாமீன் கையெழுத்துப் போட்டதை
நான் சொல்லவில்லை.
சங்கத்து நோட்டீஸ் சொல்லிவிட்டது.

நாலாம் நாள் சனிக்கிழமை.
தில்லைநாயகிக்கு இரண்டாம் ஷிப்ட்.
பான்பரி மார்க்கெட்டில்
ஒன்றரைக் கிலோ கோழியைத்
தோலோடு கேட்டேன்.
'தோலோடயா சார்?'
கடைக்காரர் என்னைப் புதிதாகப் பார்த்தார்.
இரண்டு நாரத்தை, மூன்று கமலா ஆரஞ்சு,
ஒரு கூறு எலுமிச்சை.
கொசுறாக வாடியது ஒன்று.

எனக்குத் தெரிந்த சமையல் இவ்வளவுதான்:
எல்லாவற்றையும் ஒரே தட்டில் பரப்பிச்
சூட்டிடம் ஒப்படைத்துவிடுவது.

வரமிளகாய் பன்னிரண்டு, வெந்நீரில் ஊறியது.
பூண்டு, மிளகு, சுண்டுவிரல் அளவு வெல்லம்.
ஆரஞ்சுச் சாறு விட்டு அரைத்தேன்.
நாரத்தையின் பச்சையை மட்டும்
வெள்ளை படாமல் சீவும்போது
நகக்கண்ணில் ஒரு வெட்டு இருப்பது தெரிந்தது,
அதுவரை தெரியாதது.

தொடைக்கு மூன்று கீறல்.
கீறலுக்குள் விழுது.
அடியில் உருளைக்கிழங்கு, நாலாய்ப் பிளந்த வெங்காயம்;
மேலே வட்ட வட்டமாய் ஆரஞ்சு, தோலுடன்.
நல்லெண்ணெய் தாராளமாக.

ஓவன் அவள் தவணையில் வாங்கியது.
கடைசித் தவணை போன மாதம்தான் முடிந்தது.
கையெழுத்துக்கு முன்னால்
பின்பக்கத்துப் பொடி எழுத்தையும்
வாசிக்கிறவள் அவள்.

ஒன்பது ஐம்பதுக்கு உள்ளே வைத்தேன்.
பத்து இருபதுக்குக் கரண்ட் போனது.
மஞ்சக்குப்பமே ஒருமுறை 'ப்ச்' கொட்டியது.
ஓவனின் மஞ்சள் விளக்கு அணைந்தும்
உள்ளே எண்ணெய் பேசிக்கொண்டிருந்தது,
மெதுவாக,
பிறகு அதைவிட மெதுவாக.
திறந்தால் சூடு போய்விடும்.
கை பரபரத்தது.
ஸ்டூலை இழுத்துப் போட்டுக்
கண்ணாடிக்கு முன்னால்
இருட்டைக் காவல் காத்தேன்.

கம்பெனி பஸ் முனையில் நின்று கிளம்பியது.
சிப்காட் லேபில் எட்டு மணி நேரம்
எதையெதையோ கலக்கிவிட்டு வருகிறவளுக்கு
வீட்டில் கற்பூரமும் தெரியாது, கருவாடும் தெரியாது.
மூக்கு செத்துப்போச்சு என்பாள்.
முதல் மாடித் திருப்பத்தில்
செருப்புச் சத்தம் நின்றது.

'நாரத்தையா?'

இருட்டில் இருந்து கேட்டது.
ஆமாம் என்றேன்.
ஆரஞ்சும் என்றேன்.
கோழியைச் சொல்ல மறந்துவிட்டேன்.

செல்போன் டார்ச்சை உப்பு ஜாடியில் சாய்த்தாள்.
தட்டெல்லாம் எதுக்கு என்றாள்.
ஓவன் தட்டிலேயே,
இந்தக் கரையில் நான், அந்தக் கரையில் அவள்.
எலும்பு தானாகக் கழன்று வந்தது.
கிழங்கெல்லாம் சிவப்புச் சாறு குடித்து மெத்தென்று.
ஓரம் கருகிய ஆரஞ்சை
நான் ஒதுக்கி வைத்தேன்,
அவள் தோலோடு தின்றாள்.

'உப்பு கம்மி.'
'ம்.'
'காரம் சரி.'

இரண்டு கிழங்கு கழித்து,
'எவ்வளவு?'
'பன்னிரண்டு மிளகாய்.'
'கடனைக் கேட்டேன்.'
'ஒண்ணே முக்கால்.'

இறக்கையை முறுக்கிப் பிரித்தாள்.
சதையுள்ள பாதியை என் கரைக்குத் தள்ளினாள்.
'அவன் கட்டலேன்னா
உன் சம்பளத்துல பிடிப்பாங்க.'
'ம்.'
'திங்கக்கிழமை நானும் சங்கத்துக்கு வரேன்.
நீ பேசாத. நான் பேசறேன்.'

கரண்ட் வந்தது.
இரண்டு பேர் வாயும்
வெற்றிலை போட்டது மாதிரி.
தட்டில் கோழி இல்லை.
அடிப்பிடித்த வெங்காயத்தை
நகத்தால் சுரண்டிக்கொண்டே
'யாரு கழுவறது?' என்றாள்.
நான் எழுந்தேன்.
'இப்ப வேணாம், ஊறட்டும்.'

காலையில் தட்டுத் தண்ணீரில்
விதைகள் மிதந்தன.
எண்ணிப் பார்த்தேன், பதினேழு.
எதற்கு எண்ணினேன் என்று தெரியவில்லை.
பிறகு கழுவினேன்.