பதினேழு லிட்டர்

சத்துவாச்சாரி, பேஸ் டூ, மூன்றாவது மாடி.
லிஃப்ட் இல்லை.
டூல்ஸ் பையை இறக்காமலே கேட்டேன்:
"மேடம், உங்களுது காத்தா, காந்தமா, எண்ணெயா?"
"தண்ணி," என்றார் ரூபாவதி. "பச்சையாயிடுச்சு."

இந்த ஊரில் துடுப்பு மெஷின்
எண்ணினால் முப்பது தேறும்.
பாதியை என் ஸ்பேனர் திறந்திருக்கிறது.
தண்டவாளம், சீட்டு, கைப்பிடி எல்லாம் உபரி.
இழுக்கும்போது உள்ளேயிருந்து ஏதோ ஒன்று
"விடமாட்டேன்" என்று சொல்ல வேண்டும்.
அதற்குத்தான் நாற்பதாயிரம்.

கொசப்பேட்டை தயாளனுக்கு எண்ணெய் உருளை, இரண்டு.
கால்மணி நேரத்தில் சூடேறி இளகிவிடும்.
"ஆரம்பத்துல கல்லு மாதிரி, கடைசியில
பஞ்சு மாதிரி வருது தம்பி,"
என்று புஜத்தை மடக்கிக் காட்டினார்.
ஆமாம் சார் என்றேன்.
இளகியது எண்ணெய்தான் என்று சொல்ல
ரசீதில் தனிக் கட்டம் இல்லை.

காந்தம் சக்கரத்தைத் தொடவே தொடாது.
நடுவில் ஒரு நூல் இடைவெளி.
சுற்றச் சுற்ற
அந்த இடைவெளிதான் கனக்கும்.
சத்தம் கிடையாது, தேய்மானம் கிடையாது.
தொரப்பாடியில் என் வீட்டுக்கு
நாலு வீடு தள்ளி அண்ணன் இனாயத்துல்லா.
பதினோரு வருஷம்.
தேய்மானம் கிடையாது.

காற்றாடி வைத்த மெஷின் பற்றிக் கேட்காதீர்கள்.
காட்பாடியில் கீழ்வீட்டுக்காரர்
அதற்காக ஸ்டேஷன் வரை போனார்.

ரூபாவதி வீட்டில், ஜன்னல் வெயிலில்,
கண்ணாடி போன்ற தொட்டிக்குள்
ஏரிக்கரைப் பாசி.
இடத்தை மாற்றுங்கள், மாத்திரை ஒன்று போடுங்கள்,
இப்போதைக்கு இதைக் கொட்டிவிடலாம் என்றேன்.
"கொட்டுறதா?"
அப்படி ஒரு பார்வை.
குழாயில் தண்ணீர் வந்து ஐந்து நாள்.
நாளைக்கும் வந்தால்தான் நிச்சயம்.

டியூபை வாயில் வைத்து உறிஞ்சி இறக்கினேன்.
ஒரு வாய் பாசி எனக்கு.
மீதி, இரண்டு வாளி கக்கூஸுக்கு,
ஒரு சொம்பு படிக்கட்டு முனையின் கறிவேப்பிலைக்கு.
தினமும் காலை ஐந்தரைக்கு
குடிக்கவோ குளிக்கவோ ஆகாத
பதினேழு லிட்டரை
அடித்து அடித்து உட்கார்ந்திருக்கிறார்
ஏழு மாதமாக.

கேன் தண்ணீர் வாங்கி நிரப்பினோம்.
"லோடு கூட்டுற குமிழ் எங்க?"
குமிழ் இல்லை மேடம்.
நீங்கள் வேகமாக இழுத்தால் அதுவும் முரண்டு பிடிக்கும்,
மெதுவாகப் போனால் மெதுவாக விடும்.
நீங்கள் கொடுப்பதுதான் திரும்பி வரும்.
அவர் சிரித்தார்.
"இருபத்திரண்டு வருஷம் தாலுகா ஆபீஸ்.
அங்க மெதுவா கேட்டாலும் அதே பதில்தான்,
மேசையைத் தட்டிக் கேட்டாலும் அதே பதில்தான்."

பத்து இழுப்பு இழுத்துக் காட்டுவது என் வேலை.
பேண்டை மடித்துவிட்டு உட்கார்ந்தேன்.
காலால் தள்ளி, முதுகு சாய்த்து, கடைசியில் கை.
களக் என்றது. மறுபடி களக்.

நான் படகில் ஏறியதில்லை.
கோட்டை அகழியில் ஒருமுறை டிக்கெட் வரிசையில் நின்று
சில்லறை பத்தாமல் திரும்பினேன்.
பாலாறு இரு கரையும் தொட்டு வந்த அந்த நவம்பரில்
பாலத்தில் ஊரே நின்று பார்த்தது.
யாரிடமும் படகில்லை.

பத்து முடிந்தது.
திரையில் எழுபத்தொன்பது மீட்டர்.
அதே மொசைக் தரை,
அதே சிவப்புப் புள்ளி என் செருப்படி அருகே.
நானூற்றைம்பது ரூபாய் என்று எழுதப் பேனா தேடினேன்.

வாளியோடு போன ரூபாவதி
பாத்ரூம் வாசலில் நின்றுவிட்டார்.
"இன்னும் கொஞ்சம் இழுங்களேன்.
நான் இழுக்கும்போது
என் மூச்சுதான் கேக்கும்,
இது கேட்டதே இல்ல."

பேனாவைப் பையில் போட்டுவிட்டு
காலை மறுபடி பட்டையில் நுழைத்தேன்.