ஒன்பதாவது கூடு

பத்தொன்பது வருடம் கச்சேரியின் காணிக் கிளையில்
மற்றவர்களின் படிவங்களைத் திருப்பி அனுப்பியவள் நான்.
நான்காம் கூடு வெற்றாக உள்ளது.
ஒப்பம் பொருந்தவில்லை.
சிவப்புப் பேனையால் ஒரு வட்டம், பிறகு தேநீர்.

இப்போது மேசையில் என் மகனுடைய படிவம்.

பெயர்: தவநேசன் யதுர்ஷன்.
வயது: பதினைந்து.
இந்தக் கூட்டுக்கு வந்ததும், போனமுறை,
ஒருவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.
"பன்னிரண்டு வரைக்கும்தான் எடுக்கிறது, அம்மா.
சின்னனில கொண்டுவந்திருக்கலாமே?"
சின்னனில் கொண்டுபோனோம்.
ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் கதைக்கும் என்றார்கள்.
பிறகு கொழும்புக்கு, இரவு ரயிலில், பதினொரு தடவை.
கல் ஓயாச் சந்தியில் பெட்டிகளைக் கழற்றிப் பூட்டும்
ஒவ்வோர் இடிக்கும்
அவன் என் முழங்கையைக் கடித்தான்.
பல் அடையாளம் இருக்கிறது.
இணைப்பாகச் சேர்க்கலாம்.

இப்போது தகப்பனைவிட இரண்டு அங்குலம் உயரம்.
மேலுதட்டில் கறுப்பு அரும்புகிறது.
ஷேவ் மெஷின் இரைந்தால் குளியலறைக் கதவு உடையும்.
ஆகவே சீனன்குடா மா ஆலையில் இரவு வேலை முடித்து வந்து
தவநேசன் சின்னக் கத்தரிக்கோலால், மயிர் மயிராக,
ஒரு மீசையை ஒரு கிழமை முழுக்க வெட்டுவார்.
யது கண்ணை மூடி
அவருடைய சட்டைக் கையை மணந்துகொண்டிருப்பான்.

வைகாசியில், ஆஸ்பத்திரியால் வரும்போது,
மட்டக்களப்பு பஸ் ஒன்று ஹோர்னில் கை வைத்தது, எடுக்கவில்லை.
யது தாரில் இருந்துவிட்டான், இரண்டு காதையும் பொத்தி.
ஆட்கள் வட்டம் கட்டினார்கள்.
வலிப்பென்று நினைத்து ஒருவர் திறப்புக்கோர்வையை நீட்டினார்.
ஒருத்தி கோணேசருக்கு நேர்த்தி வைக்கச் சொன்னாள்.
"வளர்ந்த பெடியன்," என்றது ஒரு குரல்.
மான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
பஸ் நிலையத்தில் வாழைப்பழத்தோல் தின்னும் மான்களில் ஒன்று.
வந்து, என் பையில் நீட்டிக்கொண்டிருந்த
சிபாரிசுக் கடிதத்தை ஓரத்திலிருந்து மெல்லத் தொடங்கியது.
வைத்தியரின் ஒப்பம் வரை தின்றது.
யது ஒரு காதிலிருந்து கையை எடுத்தான்.
"முத்திரை," என்றான்.
"முத்திரையும்."
அந்த மாதம் அவன் சொன்னது அவ்வளவுதான்.
நடுத்தெருவில் நான் சிரித்தேன்.
அவன் அழுவதா சிரிப்பதா என்று என் வாயைப் பார்த்தான்.

பர்ஹானா கிண்ணியாவிலிருந்து வருகிறாள்,
வியாழன் மட்டும், உவர்மலையில் ஒரு வாடகை அறைக்கு.
வயதைக் கேட்டாள். பேனையைக் கீழே வைக்கவில்லை.
அவன் கண் மேலே போனதைப் பார்த்து
எழும்பிப் போய் மின்விசிறியை நிறுத்தினாள்.
அவனுக்கு எதிரில் இருக்கவில்லை, பக்கத்தில் இருந்தாள்.
ஒரு பேசின் நிறையக் கோதுமை மா.
நாற்பது நிமிடம். கை மட்டும் உள்ளே.
"இதுக்கா காசு?" தவநேசன் என் காதுக்குள்.
"இதைத்தானே நான் விடிய விடிய..."
அதை முடிக்காமல்
அவரும் சட்டைக் கையைச் சுருட்டினார்.
மாவுக்குள் இரண்டு கைகளும் எங்கேயோ முட்டியிருக்க வேண்டும்.
இருவரும் ஒரே நேரத்தில் அசையாமல் இருந்தார்கள்.
எல்லோருக்கும் வியர்த்தது.

ஒன்பதாவது கூடு: எதிர்பார்க்கும் முன்னேற்றம்.
மூன்று கோடு தந்திருக்கிறார்கள்.

முதலில் எழுதினேன்: மற்றப் பிள்ளைகளைப் போல.
வெட்டினேன்.
காணிக் கிளையில் இதைத் திருப்பி அனுப்புவோம்,
எல்லைகள் குறிப்பிடப்படவில்லை என்று.

பிறகு எழுதினேன்: தனியே பஸ் ஏறி,
காதைப் பொத்தாமல்,
சீனன்குடாவில் தகப்பனின் ஆலை வாசல் வரை போய்வர.

வாசித்துப் பார்த்தேன்.
சிவப்புப் பேனையை எடுத்து
நடுவரியை மட்டும் வெட்டி
பக்கத்தில் சிற்றொப்பம் வைத்தேன்,
திருத்தத்துக்கு வைக்க வேண்டியபடி.

அடியில் அவனுடைய ஒப்பத்துக்கும் ஒரு கோடு இருக்கிறது.
கட்டாயமில்லை என்று சின்ன எழுத்தில்.
சோறு தின்று முடியட்டும், கேட்கிறேன்.